ஜவ்வாது மலைக்கு முதல் முறை போகிற பிள்ளைகளுக்கு

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லி, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து மலையை விசாரிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். "ஐயா, கைக்கு அடங்குகிற செலவில் போய்வர ஒரு மலை சொல்லுங்களேன்" என்கிறார்கள். சொல்லலாம். போளூர், செங்கம், திருப்பத்தூர், ஆலங்காயம், வேலூர்க்காரர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்வருகிற மலை ஒன்று இருக்கிறது. அடிவாரத்தில் பிறந்து அங்கேயே நரைத்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. எண் போட்டிருப்பது, போனில் படிக்கும்போது விட்ட இடம் தெரிவதற்காக.

1. குளிரை நம்பிப் போகாதீர்கள். பனியில் சறுக்கி விளையாட ஆசை இருந்தால் குல்மார்க்குக்கோ ஔலிக்கோ ரயில் ஏறுங்கள். குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். ஜவ்வாதில் விண்மீன் ஆய்வகம் இருக்கிற காவலூர் வெறும் 725 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. வேலூரே கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது என்பதால், அப்படிப் பார்த்தால் அங்கே காய்கிற வெயிலில் மூன்று டிகிரி கழியும், அவ்வளவுதான். வேலூர் வெயிலில் மூன்று டிகிரி கழித்தால் மிச்சம் என்னவாக இருக்கும் என்று வேலூர்க்காரர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மலையின் உச்சிகள் 1,100 மீட்டரைத் தாண்டுகின்றன என்றாலும் நீங்கள் தங்கி நடமாடப்போவது உச்சியில் அல்ல. சித்திரை, வைகாசியில் பகல் பன்னிரண்டு மணிக்கு மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் நின்றால் வியர்க்கும். கம்பளிச் சட்டை வாங்கி ஏமாறாதீர்கள். அதே சமயம் மார்கழி, தை இரவுகளில் அரைக்கைச் சட்டையோடு போய் நடுங்கவும் வேண்டாம்.

2. போக வேண்டிய காலம் புரட்டாசிக்கு மேல் தை வரை. தென்மேற்குப் பருவமழையும் கொஞ்சம் கொடுத்து, வடகிழக்குப் பருவமழையும் பெய்து முடிகிற நேரத்தில்தான் ஓடைகளில் தண்ணீர் நிற்கும். ஜமுனாமரத்தூர் பக்கத்தில் இருக்கும் பீமன் நீர்வீழ்ச்சியைப் பங்குனியில் பார்த்துவிட்டு "இதுதானா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் மேல் எனக்கு இரக்கம்தான் வரும். அது பாறையைப் பார்க்கிற காலம். தண்ணீரைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகை. பழத்துக்காகப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு: பலா வேண்டுமானால் ஆனி, ஆடி; சீத்தாப்பழத்துக்கு ஆவணி முதல் ஐப்பசி வரை. நட்சத்திரம் பார்க்க என்றால் மழை ஓய்ந்த பிறகு, தை மாசி, அதிலும் அமாவாசையை ஒட்டிய நாட்கள். எல்லாம் ஒரே பயணத்தில் கிடைக்க வேண்டும் என்று கேட்காதீர்கள், கிடைக்காது.

3. ஜவ்வாது என்பது ஓர் ஊர் அல்ல. பேருந்து நிலையத்தில் போய் "ஜவ்வாது மலைக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டால் நடத்துநர் உங்களைத் திருப்பிக் கேட்பார், எந்த ஊருக்கு என்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பெரிய துண்டு இது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்தான் என்பதால் பழைய வழிகாட்டிகளில் காவலூரை வேலூர் மாவட்டம் என்று போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம். செய்யாறும் அகரம் ஆறும் மலையைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிளக்கின்றன. இரண்டும் கடைசியில் பாலாற்றில் சேருகிறவை.

ஏறுகிற வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஒரு மலைப்பாதை, நாற்பது கிலோமீட்டர் அளவு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக இன்னொன்று. திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்குப் போவது வேறு பக்கம். வேலூரிலிருந்து அமிர்தி போகிறவர்கள் அடிவாரக் காட்டையும் அங்குள்ள சிறிய விலங்குப் பூங்காவையும் பார்த்துவிட்டு, "ஜவ்வாது பார்த்தாச்சு" என்று திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது வாசற்படியை. சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு வாணியம்பாடியும் திருப்பத்தூரும் வசதி. காட்பாடி–விழுப்புரம் பாதையில் வருகிறவர்கள் போளூரில் இறங்கலாம்.

பக்கத்திலேயே ஏலகிரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர், வள்ளல் பெயராக வைத்து அழகுபடுத்திய மலை. ரிசார்ட்டும் நீச்சல் குளமும் வேண்டும் என்கிறவர்கள் அங்கே போகலாம். நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஜவ்வாதில் அந்தச் சாமான்கள் குறைவு. அதனால்தான் செலவும் குறைவு.

4. வண்டி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மலையில் மலிவு என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, எட்டுப் பேர் ஏறுகிற வண்டியில் பதினைந்து பேர் திணித்துக்கொண்டு வருகிறார்கள். 2022 ஏப்ரல் 2 அன்று புலியூர்ப் பக்கத்து மக்கள் செம்பரை மலைக் கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலும் பெண்கள், சின்னப் பெண்கள். அந்த மலையிலேயே பிறந்து அந்தப் பாதையை அறிந்தவர்களுக்கே அது நேர்ந்தது. உங்களுக்கு அந்த வளைவுகள் புதுசு. ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். மேலே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும். பைக்கில் வருகிற தம்பிகளுக்குத் தனியாக ஒன்று: சாலையில் சாமையோ புளியோ காயப்போட்டிருந்தால் அதன்மேல் ஏற்றாமல் போங்கள். வழுக்கும் என்பது ஒரு காரணம். அது ஒரு வீட்டின் வருஷத்துச் சாப்பாடு என்பது இன்னொரு காரணம்.

5. இந்த மலைப்பக்கம் போகிறவர்களுக்குச் சொன்ன அறிவுரையில் என்னுடையது முதலாவது அல்ல. சங்கப் பாட்டான மலைபடுகடாம் முழுக்க முழுக்க இந்த வட்டாரத்துக்கான வழிச்செலவுப் புத்தகம்தான். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. செங்கண்மா என்கிற நம் செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசு வாங்கப் போகிற கூத்தருக்கு, ஏற்கனவே போய்வந்த ஒருவன் வழி சொல்கிறான். அதில் வருகிற நவிர மலையைப் பருவதமலை என்றும், சேயாற்றைச் செய்யாறு என்றும் அடையாளம் காண்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்ததால்தான் அந்த வழி இன்றைக்கு நம் கையில் இருக்கிறது.

என்ன சொல்கிறான் அந்த ஆள்? மலை அழகாக இருக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பவில்லை. தினைப்புனத்துப் பன்றிக்கு வைத்த கல் பொறி வழியில் இருக்கும், இருட்டில் நடக்காதே, விடிந்த பிறகு போ என்கிறான். பாம்பு ஒடுங்கிக் கிடக்கிற குழிகள் உண்டு, பார்த்துக் கால் வை என்கிறான். யானையை விரட்டக் கவணில் எறிகிற கல் உன்மேல் படும், மரத்தின் மறைவில் நில் என்கிறான். பாசி படிந்த இடத்தில் அடி நிலைக்காது, எதையாவது பற்றிக்கொண்டு கட என்கிறான். எந்தச் சிறுகுடியில் போய் என்ன சொல்லி நின்றால் என்ன சோறு போடுவார்கள் என்பதுவரை சொல்லிவிடுகிறான். இன்றைக்கு ரீல்ஸ் போடுகிற பிள்ளைகள் அருவியைக் காட்டுகிறார்கள், பாசியைக் காட்டுவதில்லை. போவதற்கு முன் அந்தப் பாட்டை உரையோடு ஒருமுறை படியுங்கள். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த சங்க இலக்கியம் கால் வைக்க உதவுகிற இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

6. மேலே சொன்ன பாசி பீமன் நீர்வீழ்ச்சியிலும் உண்டு. குடித்துவிட்டுப் பாறையில் ஏறாதீர்கள். மேல்மலையில் மழை கறுத்தால், நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும் தண்ணீரைவிட்டு வெளியே வாருங்கள். ஓடை ஏறுவதற்கு நேரம் பிடிக்காது. கோமுட்டேரியில் படகு விடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அது போதும்.

7. காவலூரை விட்டுவிட்டு வந்தால் நீங்கள் வந்ததே வீண் என்று சொல்லுவேன். கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்கிறேன், தெரிந்தேதான் சொல்கிறேன்.

கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக 1960-இல் பொறுப்பேற்றவர் வேணு பாப்பு. கொடைக்கானல் சூரியனைப் பார்க்க நல்ல இடம், ஆனால் இரவில் மேகம். விண்மீன் பார்க்க வேறு இடம் வேண்டும் என்று தேடி, சந்தனக் காட்டின் நடுவில் இருந்த காவலூரைக் கண்டுபிடித்தார். பெருநகரத்து வெளிச்சம் எட்டாத தூரம். நிலநடுக்கோட்டிலிருந்து பன்னிரண்டரை டிகிரிதான் வடக்கு என்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியையும் பார்க்கலாம். 1968 வாக்கில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு நகர்ந்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அமெரிக்கர்கள் விமானத்தில் பறந்தபடி அதைப் பதிவு செய்த அதே வேளையில் இங்கே, நம் ஆலங்காயத்துக்குப் பக்கத்திலும், பதிவு செய்தார்கள்.

பெரிய தொலைநோக்கி 2.34 மீட்டர் விட்டம். முழுக்க இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது. பாப்பு அதைப் பார்க்கவில்லை, 1982-இல் இறந்துவிட்டார். 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்து வைத்தபோது தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயரையே வைத்தார்கள். 1988-இல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு நம் கணித மேதை ராமானுஜன் பெயர்.

இப்போது அறிவுரைக்கு வருகிறேன். பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் விடுகிறார்கள். நடத்துவது பெங்களூரில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் மையம். கிளம்புவதற்கு முன் அவர்கள் இணையதளத்தில் நேரத்தைச் சரிபாருங்கள். வானம் தெளிந்திருந்தால் சிறிய தொலைநோக்கி வழியாகக் காட்டுவார்கள். மேகம் இருந்தால் இல்லை. அங்கே போய் "அந்தப் பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கணும்" என்று அடம்பிடிக்காதீர்கள். அதில் கண் வைத்துப் பார்க்கிறவர் யாரும் இல்லை, கருவிதான் பார்க்கிறது. இரவில் அந்தச் சாலையில் ஹை பீம் போட்டுக்கொண்டு பறக்காதீர்கள். டார்ச் அடித்து வானத்தைக் காட்டாதீர்கள். உள்ளே போக முடியாத நாளாக இருந்தாலும் பரவாயில்லை. மலையில் இருட்டான ஓரிடத்தில் போனை அணைத்துவிட்டு, கண் பழக இருபது நிமிடம் கொடுத்து அண்ணாந்து பாருங்கள். அதற்குக் காசு கிடையாது. சென்னையில் பிறந்த பிள்ளை பால்வீதியை முதல் முறை பார்த்துவிட்டு மேகம் என்று நினைத்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

8. பிரியாணி தேடி அலையாதீர்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் கீழே இருக்கின்றன, இறங்குகிற வழியில் சாப்பிடலாம். மேலே இருக்கும்போது சாமை கேளுங்கள். இந்த மலையின் பயிர் அதுதான். ஆடியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகையில் அறுத்து, களத்தில் மாட்டை விட்டு மிதித்து எடுப்பார்கள். சாமையின் தோல் நெல்லுத் தோல்போலச் சுலபத்தில் கழலாது. பெண்கள் உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப்போன வேலை அது. இப்போது பழங்குடியினர் சங்கங்களும் மகளிர் குழுக்களும் இயந்திரம் வைத்து உமி நீக்கிப் பொட்டலம் போடுகிறார்கள். பட்டணத்தில் 'மில்லட்' என்று எழுதி ஒட்டினால் என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே இங்கே கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்காதீர்கள்.

சாப்பாட்டுக் கடைகளில் முன்கூட்டிச் சொன்னால்தான் சாமைச் சோறு கிடைக்கும். பத்து மணிக்குப் போய்ச் சொல்லிவிட்டு, சுற்றிவிட்டு, ஒரு மணிக்கு வாருங்கள். களியும் கீரைக் கடைசலும் போட்டால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

9. தேன். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் தனி எண் கொடுக்கிறேன். சாலையோரத்தில் பாட்டிலில் வைத்து விற்பதெல்லாம் மலைத்தேன் அல்ல. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, நாய் முகர்கிறதா என்று பார்ப்பது, இவை எதுவும் சர்க்கரைப் பாகைப் பிடித்துக் கொடுக்காது. கெட்டியாகக் காய்ச்சிய பாகும் தண்ணீரில் அப்படியேதான் அடியில் போய் உட்காரும். நம்பகமான வழி ஒன்றுதான்: பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்திலோ வனத்துறை விற்பனை நிலையத்திலோ வாங்குங்கள். நல்ல தேன் குளிரில் உறைந்து சர்க்கரைபோல் மணல்தட்டினால் போலி என்று தூக்கி எறியாதீர்கள். வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகும்.

10. மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்துக்காரர்கள் அல்ல, பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மலை பல நாடுகளாகப் பிரிந்தது: புதூர்நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என்று ஊராட்சிப் பெயர்களிலேயே அது இருக்கிறது. பெரியவர்களை "ஐயா", "அம்மா" என்று கூப்பிடுங்கள், உங்கள் வயதுக்காரர்களை "அண்ணே", "அக்கா" என்று. "ஏம்பா, இங்க வா" என்று கைதட்டிக் கூப்பிடுகிற பழக்கத்தை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். கூரை வீட்டையும் மண் சுவரையும் படம் பிடித்து "இன்னும் இப்படியும் வாழ்கிறார்கள்" என்று போடுகிற பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: இந்த மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி, 2024-இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். அப்போது அவருக்கு வயது 23.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் காவல்துறையினர் சுட்டு இருபது தொழிலாளர்கள் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது காவல்துறை. இறந்தவர்களில் இந்த மலைப் பகுதியின் ஆட்களும் உண்டு. மழை பொய்த்தால் மலையில் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் மேஸ்திரி அழைத்த இடத்துக்கு வண்டி ஏற வேண்டியதுதான். திருப்பூர், கேரளத்துக் காப்பித் தோட்டம் என்று போனவர்களும் அப்படிப் போனவர்களே. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு செம்மரத்தைப் பற்றிச் சினிமா வசனம் பேசிச் சிரிக்காதீர்கள். பக்கத்தில் டீ குடிக்கிறவர் யார் வீட்டுக்காரர் என்று உங்களுக்குத் தெரியாது.

11. கீழ்செப்பிளிப் பக்கம் குள்ளர் வீடுகள் என்று காட்டுவார்கள். பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய கல்திட்டைகள். குள்ளர்கள் யாரும் குடியிருக்கவில்லை, பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எடுத்தவை. மேலே ஏறி உட்கார்ந்து படம் எடுக்கக் கூடாது, பெயர் கிறுக்கக் கூடாது. உள்ளூர்ப் பிள்ளை ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, அவருக்கு ஒரு நாள் கூலியைக் குறையாமல் கொடுத்துப் பாருங்கள். கல்லில் ஆசை வந்துவிட்டால் செங்கம் வட்டாரத்து நடுகற்களையும் தேடிப் போகலாம். தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே போட்டிருக்கிறது. பல்லவர் காலத்தில் ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனின் கல் இன்றைக்கும் வயல் வரப்பில் நிற்கும். அதற்குப் பொங்கல் வைக்கிற ஊரும் உண்டு.

12. காட்டுக்குள் நினைத்தபடி நுழையக் கூடாது. பாதையை விட்டு உள்ளே போனால் அது காப்புக்காடு, வனத்துறை அனுமதி வேண்டும். மலையேற்றம் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று அரசே 40 பாதைகளுக்கு இணையப் பதிவு தொடங்கியிருக்கிறது. பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். யாரோ வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற கூட்டத்தோடு போகாதீர்கள். தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது மறந்திருக்காது. ஜவ்வாதும் மாசி முதல் இலையுதிர்ந்து காய்ந்து கிடக்கும் காடுதான். கேம்ப்ஃபயர் வேண்டாம். பீடியைக் கூட மிதித்து அணைத்துவிட்டு நகருங்கள். கரடி உண்டு, குறிப்பாக இலுப்பைப் பூ விழுகிற காலத்தில். விடியலிலும் அந்தியிலும் தனியாக நடக்காதீர்கள்.

சந்தனம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த மலைச் சந்தனத்துக்குப் பேர் உண்டு, திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. "ஒரு துண்டு கிடைக்குமா?" என்று விளையாட்டுக்குக்கூட யாரிடமும் கேட்காதீர்கள். கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் ஜெயில்.

13. குப்பையைக் கீழே கொண்டுவாருங்கள். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

14. ஜமுனாமரத்தூரில் மாவட்ட நிர்வாகம் கோடை விழா நடத்துகிற நாட்களில் மலை நிரம்பி வழியும். கண்காட்சி, பழங்குடியினர் ஆட்டம், அரசுத் துறைகளின் அரங்குகள், பலூன், பஜ்ஜி. அமைதி தேடுகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்க வேண்டும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். நான் மாற்றிச் சொல்கிறேன்: ஒருமுறையாவது அந்த நாளில் போங்கள். மலையின் எல்லா நாடுகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருப்பார்கள், அடிவாரத்துக்காரர்களும் லாரி, டிராக்டர் பிடித்து வந்திருப்பார்கள். யாருக்காக இந்த மலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். காணும் பொங்கலும் அப்படியே. ஆனால் அந்த நாட்களில் இரவு தங்க இடம் கேட்காதீர்கள், இருக்காது.

15. தங்குமிடம் மற்ற நாட்களிலும் குறைவுதான். அரசுத் துறை விருந்தினர் இல்லங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அதிகாரிகள் வந்துவிட்டால் உங்கள் அறை போய்விடும். தனியார் விடுதிகள் சில உண்டு, எளிமையானவை. வெந்நீர் வாளியில் வரும். பெரும்பாலானவர்கள் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறார்கள், அதில் தப்பில்லை. இரவு வானம் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் மட்டும் தங்க ஏற்பாடு செய்துகொண்டு ஏறுங்கள். ஏற்பாடு இல்லாமல் இரவில் மலைப்பாதையில் இறங்குவதைவிட ஆலங்காயத்திலோ போளூரிலோ அறை எடுப்பது நல்லது.

16. போனில் பணம் அனுப்பிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு வராதீர்கள். வளைவுக்கு வளைவு சிக்னல் போகும், கடைக்கார அக்கா உங்கள் போனையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பார். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொண்டுவாருங்கள். கொய்யா விற்கிற சின்னப் பிள்ளையிடம் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் அது எங்கே போய்ச் சில்லறை மாற்றும்?

17. பேருந்தில் வந்தவர்கள் இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் காரியம், கடைசி வண்டி எப்போது என்று கேட்டுக்கொள்வது. என்னைக் கேட்காதீர்கள், நேரம் மாறிக்கொண்டே இருக்கும். வந்த வண்டியின் நடத்துநரையே கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்து டீக்கடையில் இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் முந்தின நேரத்துக்கும் அரை மணி நேரம் முன்பே வந்து நின்றுவிடுங்கள். சந்தை நாளாக இருந்தால் பலாப்பழ மூட்டை, ஆட்டுக்குட்டி, கோழிக்கூடை எல்லாம் உங்களுக்கு முன்னால் ஏறியிருக்கும். பாட்டி யாராவது மடியில் மூட்டையைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.